லக்ஸ், கண்டெலா, வாற்று: இதில் எதைச் 'செறிவு' என்று எழுதுவது? வாசிப்பும் வர்க்க விதிக்கு மசியுதில்லை

எழுவான்கரை:

வணக்கம். ஒளியின் நேர்மாறு வர்க்க விதியைச் சரிபார்க்கும் பரிசோதனை ஒன்றை உயர்தர மாணவர்களின் செய்முறைக்காகக் களுவாஞ்சிகுடியில் ஒழுங்குபண்ணுறம். மூன்று இடத்தில முடிச்சு விழுந்து கிடக்கு.

அமைப்பு இதுதான். 9 வாற்று எல்ஈடி பல்ப், பெட்டியில் 806 லூமன் என்று போட்டிருக்கு. பால்வெள்ளைக் குமிழின் விட்டம் 6 சென்ரிமீற்றர். மேசையில் மீற்றர் கோல், மறுமுனையில் கையடக்க லக்ஸ்மானி. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியாச்சு, சுவர் வெள்ளை. தூரத்தை பல்பின் நுனியில் இருந்து மானியின் வெள்ளைத் தொப்பி வரைக்கும் அளந்தது.

20 சென்ரிமீற்றரில் 2060 லக்ஸ்
30 இல் 1006
40 இல் 598
60 இல் 286
80 இல் 171
100 இல் 116

வாசிப்பைத் தூரத்தின் வர்க்கத்தால் (மீற்றரில்) பெருக்கினால் ஒரே எண் வரவேணும். ஆனா 82, 91, 96, 103, 109, 116 என்று ஏறிக்கொண்டே போகுது. மானி பிழையா, பல்ப் பிழையா?

இரண்டாவது சிக்கல் குறியீடு. ஒலிப் பாடத்தில் செறிவு என்றால் வாற்று/மீ², குறியீடு ஐ (I). அடிப்படை அலகு அட்டவணையில் ஒளிச்செறிவு என்றால் கண்டெலா. எல்ஈடி தரவுத்தாளில் மில்லிகண்டெலா, சோலார் பனலின் பின்பக்கம் 1000 வாற்று/மீ². வரைபின் நிலைக்குத்து அச்சில் எதை எழுதுறது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேணும்.

மூன்றாவது, லக்ஸை வாற்று/மீ² ஆக மாற்றுகிற வழி என்ன?

ஏறாவூர்ச்_சந்தி:

மூன்றாவதுக்கு லேசான விடை. லக்ஸை 683 ஆல் வகுங்க, வாற்று/மீ² வரும்.

படுவான்கரை:

683 ஆல் வகுக்கிறதை இப்போதைக்கு நிறுத்தி வைங்க, அது அநேகமா எல்லா விளக்குக்கும் பிழை. ஆராவது விளக்கமாச் சொல்லுவாங்க. நான் குறியீட்டை மட்டும் எடுக்கிறன்.

ஒளியைப் பற்றி நாலு வேறு கேள்வி கேட்கலாம். விளக்கில் இருந்து எல்லாத் திசைக்கும் சேர்த்துச் செக்கனுக்கு எவ்வளவு வெளியேறுது? அது பாயம், குறியீடு ஃபை, அலகு வாற்று. மனிதக் கண்ணின் உணர்திறனால் நிறையிட்டுச் சொன்னால் லூமன். ஒரு குறித்த திசையில், ஒரு ஸ்ரெரேடியன் திண்மக் கோணத்துக்குள் (கூம்பு மாதிரி விரியும் முப்பரிமாணக் கோணம்) எவ்வளவு போகுது? அது செறிவு, குறியீடு ஐ, அலகு வாற்று/ஸ்ரெரேடியன். கண் கணக்கில் கண்டெலா. போய் விழுகிற இடத்தில் ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு? குறியீடு ஈ (E), வாற்று/மீ², கண் கணக்கில் லக்ஸ். நாலாவது, ஒளிவிடும் முகத்தின் ஒரு சதுர மீற்றரில் இருந்து ஒரு ஸ்ரெரேடியனுக்குள் எவ்வளவு? அதைத் துலக்கம் என்று வைப்பம். குறியீடு எல், அலகு வாற்று/(மீ²·ஸ்ரெரேடியன்), கண் கணக்கில் கண்டெலா/மீ².

கண்டெலா விளக்குக்கும் அதில் நாம் பார்க்கிற திசைக்கும் சொந்தமானது. விளக்கை அசைக்காமல் நீங்க எவ்வளவு தூரம் பின்னுக்குப் போனாலும் மாறாது. லக்ஸ் என்பது நீங்க மானி வைச்ச இடத்துக்குச் சொந்தமானது, அதுதான் தூரத்தின் வர்க்கத்தோட குறையுது. ஆகவே உங்கட அச்சில் வரவேண்டியது ஈ, அலகு லக்ஸ். ஐ என்பது வரைபின் படித்திறனில் இருந்து கடைசியில் கிடைக்கிற விடை.

ஒரே எழுத்து இரண்டு கணக்குக்கும் வருகிறபடியால் கீழ்க்குறி போடவேணும். சக்திக் கணக்கென்றால் சிறிய ஈ (e), கண் கணக்கென்றால் சிறிய வீ (v). ஐ யின் காலடியில் வீ இருந்தால் கண்டெலா, சிறிய ஈ இருந்தால் வாற்று/ஸ்ரெரேடியன். லாம்டா வந்தால் அலைநீளத்துக்கு அலைநீளம் பிரிச்ச கணியம், அப்ப அலகிலும் 'ஒரு நனோமீற்றருக்கு' சேரவேணும். அதைச் சேர்க்காமல் விட்டால் நிறமாலை வரைபின் கீழுள்ள பரப்பை எடுக்கேக்குள்ள பரிமாணம் பொருந்தாது.

இனிக் குழப்பத்தின் வேர். 'செறிவு' என்ற சொல்லை மூன்று தொழில்காரர் மூன்று பொருளில் பிடிச்சிருக்காங்க. அலை ஒளியியலிலும் ஒலியிலும் அது அலகுப் பரப்புக்கான வலு, வாற்று/மீ². ஒளி அளவீட்டில் அலகுத் திண்மக் கோணத்துக்கான வலு, வாற்று/ஸ்ரெரேடியன். வானியலிலும் வெப்பக் கதிர்ப்பிலும் பரப்பு, திண்மக் கோணம் இரண்டாலும் வகுத்தது. இதில் எதுவும் பிழையில்லை, அவங்கவங்க பாடத்துக்குள்ள ஒழுங்காத்தான் நிற்குது. பரீட்சைத் தாளில் ஒலிச்செறிவுக்கு ஐ, வாற்று/மீ² என்றே எழுதட்டும். இந்தச் செய்முறைக் கொப்பியில் மட்டும் முதல் பக்கத்தில் 'இங்கு ஐ என்பது கண்டெலாவில், ஈ என்பது லக்ஸில்' என்று ஒரு வரி எழுத வைங்க. பெரிய ஈ க்கும் இதே தொல்லை: மின்புலமும் ஈ, சக்தியும் ஈ, இதுவும் ஈ. ஒரே ஈ மூன்று இலையில குந்துது. மின்காந்த அலைப் பாடத்தில் மின்புலம் வருகிற சமன்பாட்டுக்குள்ள இந்த ஈ யைக் கொண்டுபோகாதீங்க.

ஸ்ரெரேடியனுக்குப் பரிமாணம் இல்லை, உண்மைதான். ஆனாலும் அலகில் இருந்து கழற்றக் கூடாது. கழற்றினால் லூமனுக்கும் கண்டெலாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிரும். உங்கட பல்பையே பாருங்க. முழுக் கோளம் 4பை, அதாவது 12.57 ஸ்ரெரேடியன். 806 ஐ 12.57 ஆல் வகுத்தால் 64 கண்டெலா. எல்லாத் திசைக்கும் சமமா ஒளி போனால்தான் அந்த 64. எல்ஈடி பல்பின் அடிப்பக்கம் தட்டும் தலையும் மறைக்கிறதால அங்கால ஒளி குறைவு, நுனிப்பக்கம் கூட. ஆகவே நுனித் திசையில் 64 ஐ விடக் கூட வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

மில்லிகண்டெலா எண்ணைப் பார்த்து எல்ஈடி வாங்குகிற ஆக்கள் ஏமாறுவதும் இதே இடத்திலதான். 15 பாகைக் கூம்புக்குள் ஒளிவிடும் எல்ஈடிக்கு 8000 மில்லிகண்டெலா, 30 பாகைக் கூம்புள்ளதுக்கு 2000 மில்லிகண்டெலா என்று தரவுத்தாளில் கிடந்தால் எது கூட ஒளி தருது? திண்மக் கோணம் = 2பை × (1 − கோசைன் அரைக்கோணம்). 7.5 பாகைக்கு 0.054 ஸ்ரெரேடியன், 15 பாகைக்கு 0.214. பெருக்கிப் பாருங்க, இரண்டுக்கும் ஏறத்தாழ 0.43 லூமன். கூம்பின் ஓரத்துக்குப் போகப் போகச் செறிவு குறையும் என்பதால் இது பருமட்டான கணக்குத்தான், ஆனால் விசயம் விளங்கும். சில்லு ஒன்றே, வில்லைதான் வேறு. பாலமீன்மடு வெளிச்சவீட்டுத் தத்துவமும் அதுதான்: வில்லை லூமனைக் கூட்டுறதில்லை, ஒடுங்கின கோணத்துக்குள் ஒதுக்கிக் கண்டெலாவைக் கூட்டுது.

எழுதும் விதத்தில் கடைசியா ஒன்று. வாற்று/மீ²/ஸ்ரெரேடியன் என்று இரண்டு சாய்கோடு போடாதீங்க. எது எதை வகுக்குது என்று ஆளுக்கொரு மாதிரி வாசிப்பாங்க. அடைப்புக்குள் போடுங்க, அல்லது மறை அடுக்கு எழுதுங்க.

சம்மாந்துறை_ஆய்வுகூடம்:

தம்பி, மானியும் பிழையில்லை, பல்பும் பிழையில்லை. உங்கட எண்கள் நல்லாவே இருக்கு. அதில இரண்டு முறைமை வழு ஒன்றின் மேல் ஒன்றா ஏறிக் கிடக்கு.

பெருக்கம் கிட்ட குறைஞ்சு, தூரத்தில கூடி வருது. கிட்டக் குறைவதுக்குக் காரணம், தூரத்தைப் பிழையான இடத்தில இருந்து அளந்தது. ஒளி நுனியில் ஒரு புள்ளியில் இருந்து புறப்படுறதில்லை. பால்வெள்ளைக் குமிழ் முழுவதும் ஒளிருது. ஒரே சீரா ஒளிரும் கோளத்துக்கு நேர்மாறு வர்க்க விதி அதன் மையத்தில் இருந்து அளந்தால் சரியாகப் பொருந்தும். 6 சென்ரிமீற்றர் குமிழென்றால் மையம் நுனிக்கு 3 சென்ரிமீற்றர் பின்னால். 20 என்று நீங்க எழுதினது உண்மையில் 23. அந்த ஒரு வித்தியாசமே வாசிப்பில் 30% க்கு மேல. 100 இல் அதே 3 சென்ரிமீற்றர் 6% தான்.

தூரத்தில கூடுவதுக்குக் காரணம் பின்னணி. வெள்ளைச் சுவர், மேசை மேற்பரப்பு, உங்கட சேட்டு, எல்லாத்திலும் பட்டுத் தெறிச்சு வருகிற ஒளி. அது 20 சென்ரிமீற்றரில் 2060 க்குள்ள காணாமப் போகும், 100 இல் 116 க்குள்ள கனக்கும்.

பின்னணியை அளக்கிறதுக்கு விளக்கை அணைச்சுப் பார்க்கக் கூடாது. அணைச்சால் தெறிப்பும் சேர்ந்து போயிரும், யன்னல் கசிவு மட்டும்தான் தெரியும். விளக்கை எரிய விட்டு, நேரே வருகிற ஒளியை மட்டும் மறைக்கவேணும். கறுப்பு மட்டையில் பல்பை விடச் சற்றுப் பெரிய வட்டம், 8 சென்ரிமீற்றர் போதும், வெட்டி ஒரு மெல்லிய கம்பியில் ஒட்டிப் பல்புக்கும் மானிக்கும் இடையில் பிடியுங்க. மட்டையின் நிழல் மானியின் வெள்ளைத் தொப்பியை முழுசா மூடி, அதுக்கு அங்கால ஒரு விரல் அகலம் மட்டும் வெளியே நிற்கவேணும். நிழலின் ஓரம் தொப்பியில் ஏறினால் நேரொளி கசியுது. பெரிய மட்டையைப் பிடிச்சால் தெறிப்பொளியையும் சேர்த்து மறைச்சிருவீங்க, கழிக்கவேண்டியதை விடக் குறைவாக் கழிபடும். ஒவ்வொரு தூரத்திலும் தனித்தனியா எடுங்க.

மறுகா வரைபு. ஈ யை ஒன்றின் கீழ் தூர வர்க்கத்துக்கு எதிரா வரையாதீங்க. தூரத்தில் மாறாத வழு ஒன்று இருந்தால் அந்த வரைபு வளையும், வளைஞ்சது எதனால் என்று சொல்லாது. பின்னணி கழிச்ச ஈ யின் வர்க்கமூலத்தின் நேர்மாறை நிலைக்குத்து அச்சிலும், கோலில் வாசிச்ச தூரத்தைக் கிடையச்சிலும் போடுங்க. விதி சரியென்றால் நேர்கோடு. படித்திறனின் வர்க்கத்தின் நேர்மாறு ஐ, கண்டெலாவில். கோடு கிடையச்சை வெட்டுகிற இடம் பூச்சியத்துக்கு எவ்வளவு இடப்பக்கம் கிடக்குதோ அவ்வளவுதான் மையத்தின் பின்னடைவு. பல்பின் மையத்தைத் தேடி உடைச்சுப் பார்க்கத் தேவையில்லை, வரைபே சொல்லும்.

உங்கட பட்டியலில் இன்னொன்று கண்ணில பட்டுது. 2060 மட்டும் பூச்சியத்தில் முடியுது. மானி 2000 ஐத் தாண்டினதும் 20000 லக்ஸ் வீச்சுக்கு மாறியிருக்கு, அங்க ஒரு படி 10 லக்ஸ். வீச்சுக்கு வீச்சு அளவுதிருத்தம் கொஞ்சம் விலகலாம். 30 சென்ரிமீற்றரில் இரண்டு வீச்சிலும் வாசிச்சு ஒப்பிடுங்க. 1006 க்கு எதிரே 1000 அல்லது 1010 வந்தால் பிரச்சினையில்லை.

தூரத்துக்கான கீழெல்லை பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. தட்டையான வட்டப் பனல் விளக்கென்றால் கோளத்தின் சலுகை கிடையாது. விட்டத்தின் ஐந்து மடங்கு தூரத்தில் வழு 1%, கிட்டப் போகப் போக வர்க்கத்தில் ஏறும். நாலடி ரியூப் லைட்டென்றால் 6 மீற்றர் தள்ளி நிற்கவேணும், வகுப்பறைக்குள் அது வராது. ரியூப்புக்குக் கிட்டப் போனால் வாசிப்பு தூரத்தின் வர்க்கத்தோட இல்லாமல் தூரத்தோடதான் குறையும். வேணுமென்றால் அதையே தனிப் பரிசோதனையா வைக்கலாம்.

விளக்கைப் போட்ட கையோட வாசிக்கவும் வேணாம். எல்ஈடி சூடேற ஒளி குறையும், அரை மணித்தியாலம் எரிய விட்டுத் துவங்குங்க. கடைசியில் திரும்ப முதல் தூரத்துக்கு வந்து ஒரு வாசிப்பு எடுத்தால் இடையில் ஏதும் நகர்ந்ததா என்று தெரியும். இழைக்குமிழ் பாவிக்கிறதென்றால் இன்னும் கவனம்: அதன் ஒளி வோல்ற்றளவின் 3.4 ஆம் அடுக்கோட போகுது. மின் 5% இறங்கினால் ஒளி 16% இறங்கும். பின்னேரம் மின் இறங்குகிற ஊர்களில் வரைபு வளைவதுக்கு அதுவே போதும்.

எழுவான்கரை:

நன்றி நானா. கறுப்பு மட்டை செய்து பார்த்தாச்சு. எல்லாத் தூரத்திலும் 13 இல் இருந்து 15 லக்ஸுக்குள்ள வந்தது, 14 என்று எடுத்துக் கழிச்சம். கழிச்ச பின் 2046, 992, 584, 272, 157, 102. வர்க்கமூல நேர்மாறு 0.0221, 0.0318, 0.0414, 0.0606, 0.0798, 0.0990. கோல் வைச்ச மாதிரி நேர்கோடு. படித்திறன் 0.0961, அதில் இருந்து ஐ = 108 கண்டெலா. வெட்டுத்துண்டு −3.0 சென்ரிமீற்றர்.

30 சென்ரிமீற்றரில் மற்ற வீச்சு 1010 காட்டுது. இனி 108 க்குப் பக்கத்தில் ± எவ்வளவு போடுறது?

சம்மாந்துறை_ஆய்வுகூடம்:

மானியின் கையேட்டில் ±5% என்று இருந்தால் 108 ± 5. ஆனால் அந்த 5% உங்கட நேர்கோட்டைத் தொடாது. அளவுதிருத்த வழு எல்லா வாசிப்பையும் ஒரே விகிதத்தில் இழுக்கும். கோடு நேராகவே நிற்கும், படித்திறன்தான் மாறும். ஆகவே விதியைச் சரிபார்க்க மலிவு மானி போதும், கண்டெலாவைச் சொல்லத்தான் நல்ல மானி வேணும். இந்த இரண்டையும் முடிவுரையில் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. நேர்கோட்டைக் குழப்பக்கூடியது தூர வழு: 20 சென்ரிமீற்றரில் 2 மில்லிமீற்றர் பிசகினால் ஈ யில் 1.7%.

காத்தான்குடி_மின்:

இப்ப அந்த 683.

கண்டெலாவின் வரைவிலக்கணம் 1979 இல் மாறினது. அதுக்கு முதல் உறையும் பிளாற்றினத்தின் ஒளியில் இருந்து எடுத்தது. புதிய வரைவிலக்கணத்தில் மீடிறன் 540 × 10¹² ஹேர்ட்ஸ் உள்ள ஒற்றைநிற ஒளிக்கு ஒரு வாற்றுக்கு 683 லூமன். அது ஏறத்தாழ 555 நனோமீற்றர், கண் ஆகக் கூடுதலா உணரும் பச்சை. பழைய கண்டெலாவோட தொடர்ச்சி அறக்கூடாது என்றுதான் 683 என்ற ஒரு மாதிரியான எண் வந்தது. அந்த ஒரு நிறத்துக்குத்தான் 683. மற்ற நிறத்துக்கெல்லாம் 1924 இல் ஏற்றுக்கொண்ட கண்ணுணர்வு வளையியின் பெறுமானத்தால் பெருக்கவேணும்: 470 இல் 0.091, 510 இல் 0.503, 600 இல் 0.631, 650 இல் 0.107, 700 இல் 0.0041. லேசர் சுட்டியை எடுங்க. 1 மில்லிவாற்று சிவப்பு, 650 நனோமீற்றர், 0.073 லூமன். அதே 1 மில்லிவாற்று பச்சை, 532 நனோமீற்றர், 0.6 லூமன். கண்ணுக்கு எட்டு மடங்கு வித்தியாசம், வாற்றுமானிக்கு ஒன்றுமில்லை.

ஆகவே நிறமாலை தெரியாமல் லக்ஸை வாற்று/மீ² ஆக்க முடியாது. பருமட்டா வேணுமென்றால் மூலத்துக்கு மூலம் வேறு எண் பிடியுங்க. வெள்ளை எல்ஈடியின் ஒளி வாற்றுக்கு 300 இல் இருந்து 330 லூமன். வெயில் 100 இல் இருந்து 120. இழைக்குமிழ் விடுகிற மொத்தக் கதிர்ப்புக்கு ஏறத்தாழ 15, ஏனென்றால் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். மேசையில் மானி 1000 லக்ஸ் காட்டுது என்று வைங்க. எல்ஈடியால் வந்ததென்றால் அது 3 வாற்று/மீ². வெயிலால் வந்ததென்றால் 9. இழைக்குமிழால் வந்ததென்றால் 65 ஐத் தாண்டும், கையை வைச்சாலே சூடு தெரியும். 683 ஆல் வகுத்தால் மூன்றுக்கும் 1.5 என்று ஒரே விடை. ஏறாவூர்த் தம்பி கோவிக்க வேணாம்.

நேரடியா வாற்று/மீ² வேணுமென்றால் லக்ஸ்மானியை விட்டுப்போட்டு ஒளி இருவாயி எடுங்க. பீபீடபிள்யூ 34 (BPW34) என்ற வகை லேசாக் கிடைக்கும், உணரும் பரப்பு 7.5 மில்லிமீற்றர்², 430 இல் இருந்து 1100 நனோமீற்றர் வரை வேலை செய்யும். அநேகம் பேர் விடுகிற பிழை, இருவாயியின் இரண்டு காலையும் பன்மானியின் வோல்ற்று வீச்சில் நேரே கொழுவுறது. அப்ப வருவது திறந்த சுற்று அழுத்தம். அது ஒளியோட மடக்கை முறையில் ஏறும், ஒளி பத்து மடங்கானாலும் சில பத்து மில்லிவோல்ற்றுத்தான் கூடும். நேர்விகிதசமன் குறுக்குச் சுற்று ஓட்டத்துக்குத்தான். இருவாயிக்குக் குறுக்கே 1 கிலோஓம் தடையி ஒன்றைப் போட்டு அதன் குறுக்கே 200 மில்லிவோல்ற்று வீச்சில் வாசியுங்க. எல்ஈடியின் 1000 லக்ஸுக்கு ஓட்டம் 8 மைக்ரோஅம்பியர் அளவில், அதாவது 8 மில்லிவோல்ற்று. தடையியின் குறுக்கே 50 மில்லிவோல்ற்றுக்கு மேல் ஏறவிடாதீங்க. அதுக்கு மேல இருவாயி தானே கடத்தத் துவங்கி வாசிப்பு சப்பையாகும். வெயிலில் ஓட்டம் இரண்டு மூன்று மில்லிஅம்பியர் வரும், அதுக்கு 10 ஓம் தடையி. செயற்பாட்டு விரியலாக்கி கையில் இருந்தால் 100 கிலோஓம் பின்னூட்டல் தடையியோட ஓட்டத்தை வோல்ற்றாக மாற்றுங்க, 8 மைக்ரோஅம்பியர் 0.8 வோல்ற்றாக வரும், இருவாயியின் குறுக்கே அழுத்தம் பூச்சியத்தில் நிற்கும்.

ஓட்டத்தை வாற்றாக மாற்றவும் நிறம் தெரியவேணும். சிலிக்கனின் உணர்திறன் 850 நனோமீற்றர் பக்கம் வாற்றுக்கு 0.6 அம்பியருக்குச் சற்று மேல, பச்சையில் அதில் பாதி மட்டில. ஒற்றைநிற எல்ஈடியென்றால் தரவுத்தாளின் வளையியில் வாசிச்சு எடுக்கலாம். வெள்ளையென்றால் அண்ணளவுதான்.

வெயிலுக்கு இதைவிட லேசான வழி சிறிய சோலார் பனல். குறுக்குச் சுற்று ஓட்டம் விழும் கதிர்ப்புக்கு நேர்விகிதசமன். பின்பக்க ஒட்டியில் இருப்பது 1000 வாற்று/மீ², 25 பாகைக்குரிய பெறுமானம். ஒட்டியில் 0.62 அம்பியர், பன்மானியில் 0.51 என்றால் 0.51/0.62 × 1000 = 823 வாற்று/மீ². பன்மானியின் 10 அம்பியர் துளையில் கொழுவுங்க. மில்லிஅம்பியர் துளையில் போட்டால் உருகி போகும். வெப்பத்தால் இந்த ஓட்டம் பாகைக்கு 0.05% தான் மாறும், பொருட்படுத்த வேணாம். வெப்பத்துக்கு விழுவது வோல்ற்றளவு. கல்லடி, காத்தான்குடிக் கரைப் பக்கம் கண்ணாடியில் உப்புப் படியும், நல்ல தண்ணியில் துடைச்சுப்போட்டு எடுங்க. 1000 ஐத் தாண்டி வாசிப்பு வந்தாலும் பனலைச் சந்தேகப்படாதீங்க: முகில் ஓரத்தில் தெறிக்கிற ஒளியும் நேர் வெயிலும் சேர்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு 1200 உம் வரும். முகில் இல்லாத நேரத்து வாசிப்பைத்தான் ஒப்பிடவேணும்.

பாசிக்குடா_வானம்:

வெயில் கதை வந்தபடியால் இரண்டு வரி.

மட்டக்களப்பின் அகலாங்கு 7.7 பாகை வடக்கு. ஏப்ரல் 9, 10 அளவிலும் செப்ரெம்பர் 2, 3 அளவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஏப்ரலில் அது மதியம் 12.05 மட்டில. நிலைக்குத்தா நட்ட கம்பிக்கு நிழல் இராது. அந்தக் கணத்தில் கிடையா வைச்ச பனலுக்குக் கோசைன் திருத்தம் தேவையில்லை. கம்பியின் நிழலைப் பார்த்தே மேசை மட்டமா என்றும் சொல்லலாம். மற்ற நாட்களில் பனலைச் சூரியனுக்கு நேரே திருப்பினதா, கிடையா வைச்சதா என்று வாசிப்போட சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணால் பிரயோசனம் இல்லை.

படுவான்கரை சொன்ன நாலாவது கணியத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தச் சூரியனை விட நல்ல உதாரணம் இல்லை. வளிமண்டலத்துக்கு வெளியே சூரியக் கதிர்ப்பு 1361 வாற்று/மீ². வானத்தில் சூரியத் தட்டு பிடிக்கும் திண்மக் கோணம் 6.79 × 10⁻⁵ ஸ்ரெரேடியன். வகுத்தால் துலக்கம் 2.00 × 10⁷ வாற்று/(மீ²·ஸ்ரெரேடியன்). மறுபக்கம் இருந்து வாங்க. சூரிய மேற்பரப்பு 5772 கெல்வின், தெபான் விதியால் (கதிர்ப்பு வெப்பநிலையின் நாலாம் அடுக்கோட ஏறும்) ஒரு சதுர மீற்றர் விடுவது 6.29 × 10⁷ வாற்று. அதைப் பை ஆல் வகுத்தால் திரும்பவும் 2.00 × 10⁷. 15 கோடி கிலோமீற்றர் தள்ளி இருந்து அளந்ததும், மேற்பரப்பில் நின்று கணிச்சதும் ஒன்று. துலக்கம் தூரத்தோட மாறாது என்பதை விளங்கப்படுத்த இது போதும்.

அங்க 2பை ஆல் வகுக்கிறதுதான் வழமையான பிழை. அரைக்கோளம் 2பை ஸ்ரெரேடியன் என்பது சரி, ஆனால் சரிவான திசையில் பார்க்கேக்குள்ள மேற்பரப்பு ஒடுங்கித் தெரியும், அந்தக் கோசைனையும் சேர்த்துத் தொகையிட்டால் பை தான் மிஞ்சும். வானொலி வானியலில் இன்னொரு அலகு வரும், ஜான்ஸ்கி: 10⁻²⁶ வாற்று/(மீ²·ஹேர்ட்ஸ்). அது ஈ வகைக் கணியம், துலக்கம் இல்லை.

எழுவான்கரை:

சூரியக் கணக்கைக் கரும்பலகையில் போடப்போறம். கடைசியா ஒன்று: லக்ஸ்மானி ஒன்றுதான் இருக்கு, குழு ஆறு. மிச்சப் பிள்ளைகள் போனில் லக்ஸ் ஆப் போட்டு வாசிக்கலாமா?

சம்மாந்துறை_ஆய்வுகூடம்:

அன்ட்ரொயிட் போனென்றால் வர்க்க விதிக்குப் பாவிக்கலாம், கண்டெலாவுக்குப் பாவிக்க வேணாம். உணரி முன்பக்கம், கதை கேட்கும் துளைக்குக் கிட்ட இருக்கும். ஊசித்துளை போட்ட கறுப்பு மட்டையைக் கண்ணாடியின் மேல் நகர்த்தி வாசிப்பு ஏறுகிற புள்ளியைப் பிடிச்சு அடையாளம் போடுங்க, தூரத்தை அந்தப் புள்ளிக்குத்தான் அளக்கவேணும். திரையின் வெளிச்சம் சில போனில் உணரிக்குள்ள கசியும், அதால திரை வெளிச்சத்தை ஆகக் குறைச்சு வைங்க. ஐபோனில் வேற ஆக்களின்ர ஆப்புக்கு அந்த உணரியை விடுறதில்லை, கமராவை வைச்சுக் கணிச்சுச் சொல்லுது. அதை எடுக்காதீங்க.

துவங்க முதல் ஒவ்வொரு போனையும் ஒரு தரம் சரிச்சுப் பாருங்க. விளக்கை அசைக்காமல், உணரி இருந்த இடத்திலேயே போனை 45 பாகை சரிச்சால் வாசிப்பு 71% இல் நிற்கவேணும். அதுக்கும் கீழ இறங்கினால் அந்த உணரி ஓரத்து ஒளியைக் குறைவாக் காணுது. உங்கட 14 லக்ஸ் பின்னணி அதில் 5 என்றும் வரலாம். அதனால லக்ஸ்மானியின் 14 ஐப் போன் வாசிப்பில் கழிக்கக் கூடாது. அந்தந்தப் போனுக்கு அந்தந்த மட்டையைப் பிடிச்சு எடுத்த பின்னணியைத்தான் கழிக்கவேணும்.